கம்பி விசையா, கம்பியில்லா விசையா?

(நமது சங்கத்தின் இளைஞர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையிலே வழக்கமாகப் பேசப்படும் பொருள்கள் வேறு. கமராவுக்குப் பூட்டும் ஒரு சிறு விசையைப் பற்றி அரைமணி நேரம் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையிலிருக்கும் பெரியவர்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். அவர்கள் பொறுமையோடு கேட்கவேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் இவ்விஷயம் எங்களைவிட அவர்களுக்கே நெருங்கியது.

நமது செயற்குழு இவ்வாண்டு ஒரு தீர்மானஞ் செய்திருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அங்கத்தினர் வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய படங்களையெல்லாம் பிரதி பண்ணி வைப்பது ஒன்று. அதே வீடுகளில் இன்றுள்ள குடும்பத்தை, ஒருவரும் விடுபடாமல், ஒரு படமாகப் பிடித்துக் கொடுப்பது மற்றொன்று. "எஞ்சியிருக்கும்" என்ற சொல்லைச் சற்று கவனியுங்கள். 1983 யூலையில் இந்நகரிலே தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டபோது நெருப்பு மேசை கதிரைகளை மட்டுமா தின்றது? மேசையைத் திரும்ப வாங்கலாம். அச்சிட்ட புத்தகத்துக்குக்கூட உலகத்தில் வேறெங்காவது ஒரு பிரதி கிடக்கும். அப்பாவின் கலியாணப் படத்துக்கு வேறு பிரதி எங்கே? ஓடும்போது கையிலெடுத்த பெட்டிக்குள் தற்செயலாக அகப்பட்ட நாலைந்து படங்களே இன்று பல வீடுகளின் முழு ஆவணசாலை.

இந்தக் கைங்கரியத்துக்குச் சங்கத்திலே ஒரு கமராவும் ஒரு முக்காலியும் இருக்கின்றன. கமராவைத் தொடாமல் இயக்கும் விசை ஒன்றுதான் இல்லை. அதை வாங்கப் பொருளாளர் ஒரு சிறு தொகை ஒதுக்கியிருக்கிறார். கம்பி உள்ளதை வாங்குவதா, கம்பியில்லாததை வாங்குவதா என்று இளைஞர்களிடையே இரு கட்சிகள் உண்டாகிவிட்டன. இரு கட்சிக்கும் பொதுவாகச் சில செய்திகளைச் சொல்லவே நான் எழுந்தேன். கடைசியில் என் அபிப்பிராயத்தையும் மறைக்காமல் சொல்வேன்.

முதலில், தொடாமல் ஏன் படம் பிடிக்கவேண்டும்?

வெயிலில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவதை 1/500 செக்கனில் பிடிப்பவனுக்கு எந்த விசையும் வேண்டியதில்லை. கை நடுங்குவதற்கு முன்னரே படம் முடிந்துவிடும். வெளிச்சம் குறையக் குறையத்தான் தொல்லை தொடங்குகிறது. 50 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் 1/50 செக்கனுக்குக் குறைந்த வேகத்தில் கையிலே பிடித்து எடுக்கக்கூடாது என்று பழைய புகைப்படக்காரர் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். இக்காலத்துக் கமராக்களில் நடுக்கத்தை ஈடுசெய்யும் பொறிகள் வந்தபின் அக்கணக்குச் சற்றுத் தளர்ந்திருக்கிறது, பொய்யாகிவிடவில்லை. கால் செக்கன், அரைச் செக்கன் என்று வரும்போது முக்காலி இல்லாமல் முடியாது. முக்காலியிலே ஏற்றியபின்னும், பொத்தானை அழுத்தும் விரலே கமராவை அசைத்துவிடுகிறது. அசைவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, எழுத்தின் விளிம்பிலே ஒரு நிழல் ஒட்டியிருக்கும். பழைய படமொன்றின் பின்பக்கத்திலே மங்கிய பென்சிலால் எழுதிய பெயரை வாசிக்க முயலும் ஒருவருக்கு அந்த நிழலின் அருமை, அல்லது கொடுமை, தெரியும்.

நிற்க. இந்த விசையின் சரித்திரம் சுவையானது. புகைப்படக்கலையின் ஆரம்ப காலத்திலே விசையென்று ஒன்று இருக்கவேயில்லை. 1875 இல் இலங்கைக்கு வந்து குடியிருந்து 1879 இல் இங்கேயே காலமான யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் போன்றவர்களின் காலத்தில், ஒரு படத்துக்குப் பல செக்கன்கள், சிலவேளை நிமிடங்கள்கூட, ஒளி விடவேண்டியிருந்தது. லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, போதுமென்றதும் மீண்டும் மூடிவிடுவார்கள். அவ்வளவு நீண்ட நேரத்திலே மூடியைக் கழற்றும் ஒரு கணத்து அசைவு ஒரு பொருட்டன்று. தகடுகளும் பிலிம்களும் வேகம் பெற்றபின்புதான் ஷட்டரும், அதைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆசையும் வந்தன.

முதலில் வந்தது காற்று. ஒரு றப்பர் உருண்டை, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் ஷட்டர். உருண்டையைப் பிசைந்தால் ஷட்டர் திறக்கும்; கையை விட்டால் மூடும். பழைய கமராக்களிலும் புதிய கமராக்களிலும் "பி" என்றோ "பல்ப்" என்றோ ஒரு குறி இருக்கிறதல்லவா? அதை மின்குமிழ் என்று எண்ணுவோர் உண்டு. அது இந்த றப்பர் உருண்டையின் பெயர். உருண்டை போய் நெடுங்காலமாகியும் பெயர் மட்டும் போகவில்லை.

அடுத்து வந்தது பௌடன் கம்பி. 1896 இல் ஏர்னஸ்ட் மொனிங்ற்றன் பௌடன் என்பவர், வளையக்கூடிய ஓர் உறைக்குள் ஓடும் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். நமது சைக்கிளின் பிறேக்கிலே ஓடுவது அதே கம்பிதான். அது அங்கே இழுக்கும், கமராவிலே தள்ளும். வித்தியாசம் அவ்வளவே. இங்கிருக்கும் பெரியவர்கள் பலர் பழைய ஸ்ரூடியோக்களில், கறுப்புக் கம்பியொன்றின் நுனியைப் பெருவிரலால் அழுத்தி நின்ற புகைப்படக்காரரைக் கண்டிருப்பீர்கள்.

கம்பியை ஆள் அழுத்தவேண்டும் என்பதுகூட இல்லை. இந்தியாவிலே ஐக்கிய மாகாணக் காடுகளில் அதிகாரியாயிருந்த எப். டபிள்யூ. சாம்பியன் என்பவர், புலி நடக்கும் தடத்திலே கம்பியைக் கட்டிவைத்தார். புலியின் கால் பட்டதும் படம் விழுந்தது. 1927 இல் அப்படங்கள் புத்தகமாக வெளிவந்தன. தன் படத்தைத் தானே பிடிக்கும் பழக்கத்தை இக்கால இளைஞர்தாம் தொடங்கினார்கள் என்று குறைசொல்லும் பெரியவர்கள் இந்தப் புலியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

கம்பியில்லாமல் இயக்கும் கனவும் ஏறத்தாழ அதே காலத்தது. 1890களிலே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், சுவருக்கு அப்பால் இருந்த மணியைக் கண்ணுக்குத் தெரியாத அலைகளால் ஒலிக்கச் செய்தார். 1898 இல் நியூயோர்க்கிலே நிக்கொலா ரெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பியின்றி ஓட்டிக் காட்டினார். அது மலிவாகிச் சட்டைப் பைக்குள் வருவதற்குத்தான் இன்னொரு நூற்றாண்டு சென்றது.

இனி இன்று கடையிலே கிடைப்பவற்றுக்கு வருவோம்.

இன்றைய கம்பி விசை பௌடன் கம்பி போன்று தள்ளுவதில்லை. அது வெறும் மின் சுவிச்சு. உள்ளே மூன்று கம்பிகள் உண்டு: ஒன்று பொது, ஒன்று குவியத்துக்கு, ஒன்று ஷட்டருக்கு. பொத்தானைப் பாதி அழுத்தினால் குவியக் கம்பி பொதுக் கம்பியைத் தொடும். முழுதும் அழுத்தினால் ஷட்டர் கம்பியும் தொடும். இவ்வளவே அதன் ஞானம். அதற்குப் பற்றரி கிடையாது, தூக்கம் கிடையாது, வேறொரு விசையோடு குழம்பவும் தெரியாது. கெனன் நிறுவனத்தின் சிறிய கமராக்களில் இருப்பது 2.5 மில்லிமீற்றர் துளை. அதற்குப் பொருந்தும் செருகியின் அடிப்பகுதி பொது, நடுவளையம் குவியம், முனை ஷட்டர். ஈயம் பற்றவைக்கத் தெரிந்த எந்த இளைஞனும் ஒரு செருகி, இரண்டு பொத்தான்கள், ஒரு முழக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு பின்னேரத்துக்குள் ஒன்றைச் செய்துவிடலாம். பாட்டுக் கேட்கும் காதுக்கருவியின் செருகி பெரும்பாலும் 3.5 மில்லிமீற்றர், அது இதற்குள் போகாது. அதே நிறுவனத்தின் பெரிய கமராக்களுக்கோ மூன்று முனைகளுள்ள வேறொரு செருகி வேண்டும். ஒரு கம்பெனியின் இரு கமராக்களுக்கே துளை வேறு என்றால் வேறு கம்பெனிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஆகவே கடைக்குப் போகும்போது கமராவைக் கையோடு கொண்டுபோங்கள்.

கம்பியில்லாதவை மூன்று சாதி. முதலாவது, செங்கீழ்க் கதிரால் இயங்குவது. வீட்டுத் தொலைக்காட்சி றிமோட்டின் தம்பி என்று அதைச் சொல்லலாம். கெனன் ஆர்சி-6, நிக்கொன் எம்எல்-எல்3 என்பன இவ்வகை. விலை குறைவு, பாரமும் இல்லை, ஏறத்தாழ 5 மீற்றர் தூரம் போகும். ஆனால் கமராவின் கண், அதாவது கதிரை வாங்கும் சிறு ஜன்னல், பெரும்பாலும் முன்பக்கத்தில் இருக்கிறது. கமராவுக்குப் பின்னால் நின்று அழுத்தினால் அது கேட்காது. நல்ல வெயிலிலும் காது மந்தம். அத்தோடு எல்லாக் கமராவிலும் அந்த ஜன்னல் இல்லை. புதிதாக வருபவற்றிலே அருகிக்கொண்டு போகிறது.

இரண்டாவது, வானொலி அலையால் இயங்குவது. அனுப்பும் பெட்டி ஒன்று கையிலும், வாங்கும் பெட்டி ஒன்று கமராவிலும் இருக்கும். சுவருக்கு அப்பாலிருந்தும் இயக்கலாம். திறந்த வெளியில் 100 மீற்றர் போகும் என்று பெட்டிகளின் மேல் அச்சிட்டிருப்பார்கள். வெள்ளவத்தையிலே அதை அப்படியே நம்பவேண்டாம். இவ்விசைகளிற் பல 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் ஓடுபவை. வீட்டுக்கு வீடு இருக்கும் வை-பையும் பெரும்பாலும் அதே பாதையில்தான் ஓடுகிறது. மாடிக்கு மேல் மாடியாய்க் குடியிருக்கும் இடத்தில் அந்தப் பாதை காலை நேரத்துக் காலி வீதியைப் போலத்தான் இருக்கும். இன்னுமொரு வேடிக்கை: வாங்கும் பெட்டியிலிருந்து கமராவுக்குப் போவது ஒரு கம்பிதான். கம்பியில்லா விசை என்று வாங்கிக்கொண்டு வந்து, துளைக்குப் பொருந்தாத கம்பியோடு திரும்பக் கடைக்குப் போனவர்களை நான் அறிவேன்.

மூன்றாவது புளூடூத். புதிய கமராக்களோடு சேர்ந்து வருவது. ஜன்னலை நோக்கிப் பிடிக்கவேண்டிய அவசியம் இல்லை, கைத்தொலைபேசியிலிருந்தே இயக்கலாம். ஆனால் கமராவும் விசையும் முதலில் ஒன்றையொன்று அறிமுகஞ் செய்துகொள்ளவேண்டும். அந்தச் சம்பந்தம் பேசும் சடங்கு சிலவேளை படம் பிடிப்பதைவிட நீண்டுவிடுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் வெளியே, பணமே செலவில்லாத ஒன்று கமராவுக்குள்ளேயே இருக்கிறது. தாமத விசை. அழுத்திய பின் 2 செக்கனோ 10 செக்கனோ கழித்துத் தானே படம் பிடிப்பது. கையெடுத்தபின் அசைவு அடங்க 2 செக்கன் போதும். அசையாத பொருளை ஒன்றிரண்டு படம் பிடிப்பவருக்கு இதுவே தாராளம். அவர் கடைக்குப் போகவேண்டியதில்லை.

பின் எதற்காக வாங்குகிறோம்? இங்கேதான் நமது வேலையின் தன்மையைப் பார்க்கவேண்டும்.

பிரதி பண்ணும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தை மேசையில் வைத்து, கமராவை அதற்கு நேர் மேலே, தலைகீழாகக் கவிழ்த்துப் பூட்டவேண்டும். இரு பக்கமும் 45 பாகை சாய்வில் இரண்டு விளக்குகள். பளபளப்பான படத்திலே வெளிச்சம் தெறிக்காமலிருக்க அதுவே வழி. உணர்திறனை 100 இல் வைத்து, துளையை எப்/8 என்று ஒடுக்கினால், வீட்டு விளக்குகளின் வெளிச்சத்தில் ஒளிபடு நேரம் கால் செக்கன் அளவில் வந்து நிற்கும். முக்காலியின் தண்டு பக்கவாட்டில் நீட்டியிருப்பதால் தொட்டால் ஊஞ்சல் போல ஆடும். மின்விசிறியை நிறுத்திவிடவேண்டும், தாள் பறக்கும், தண்டும் ஆடும். மெரின் டிரைவ் பக்கத்து மாடிகளிலே இன்னொரு கணக்கும் உண்டு: கீழே கடலோரமாகப் புகையிரதம் போகும்போது எந்த விசையை அழுத்தினாலும் பயனில்லை. அது போய் அடங்கும்வரை பொறுத்திருக்கவேண்டும்.

ஒரு வீட்டிலே 200 படங்கள் என்று வையுங்கள். 2 செக்கன் தாமத விசையோடு பிடித்தால் காத்திருப்பு மட்டும் 400 செக்கன், அதாவது 6 நிமிடம் 40 செக்கன். 10 செக்கன் என்றால் 33 நிமிடம் 20 செக்கன். 2 செக்கனைப் பொறுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். பொறுக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கவிழ்ந்திருக்கும் கமராவின் பொத்தானைத் தேடித் தொடவேண்டும். நூறாவது தொடுகையிலே குவியமோ கோணமோ சற்று நழுவியிருக்கும். அதைக் கவனிப்பதற்குள் இன்னும் முப்பது படங்கள் போயிருக்கும். செங்கீழ்க் கதிர் விசையோ, ஜன்னல் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருப்பதால், கையை லென்ஸின் கீழே நீட்டினாலன்றி வேலை செய்யாது. வானொலி விசையின் வாங்கும் பெட்டி, ஒரு படத்தைப் பற்றிப் பெரியவர் கதை சொல்லி முடிப்பதற்குள் பற்றரியைச் சேமிக்கத் தூங்கிவிடலாம். அந்தக் கதைதானே நமக்கு வேண்டும்! கம்பி விசை மட்டும் கதை முடியும்வரை விழித்திருக்கும்.

கொட்டாஞ்சேனையிலே ஒரு வீட்டில் நாங்கள் இதை ஒருமுறை செய்துபார்த்தோம். கமரா நண்பன் ஒருவனுடையது; கம்பி விசை கடன் வாங்கியது. அந்த வீட்டு அம்மம்மா, "தம்பி, அதை இஞ்ச தாரும்" என்று விசையைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு படமாக நாங்கள் வைக்க, அதிலிருந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தபின்புதான் அழுத்தினார். பெயர் ஞாபகம் வராத இடத்திலே அழுத்தாமல் நெடுநேரம் இருந்தார். நாங்களும் இருந்தோம். எங்கள் ஒலிப்பதிவிலே அந்த மௌனமும், அதன்பின் வரும் பெயரும், ஷட்டரின் சத்தமும் வரிசையாக இருக்கின்றன.

இதோடு தொடர்பாக இரண்டொரு வார்த்தை. பசை பூசிய தாள்களுள்ள அல்பங்களில் படம் ஒட்டிப் போயிருந்தால் உரிக்கக்கூடாது. கொழும்பின் ஈரமும் உப்புக்காற்றும் அதைத் தாளோடு ஒன்றாக்கியிருக்கும். இருந்தபடியே பிடித்துவிடுங்கள். கழற்றக்கூடிய படமென்றால் பின்பக்கத்தையும் பிடியுங்கள். ஸ்ரூடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். 2005 இல் தொடங்கப்பட்ட "நூலகம்" என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இப்படித்தான் பக்கம் பக்கமாகக் காப்பாற்றி வருகிறது. நமது வீட்டுப் படங்களும் அந்த வரிசையில் நிற்கத் தக்கவையே.

இனிக் குடும்பப் படம். இங்கே நான் கட்சி மாறிவிடுவேன்.

எந்த வீட்டு அல்பத்தையும் புரட்டுங்கள். பிள்ளைகள் இருப்பார்கள், அம்மா இருப்பார், மாமி இருப்பார், நாய்க்குட்டியும் இருக்கும். அப்பா எங்கே என்று கேட்டால், "அவர்தானே எடுத்தவர்" என்பார்கள். பத்து வருஷத்து அல்பத்திலே ஒரு மனிதர், தாம் ஆசையோடு வாங்கிய கமராவினாலேயே, இல்லாமற் போய்விடுகிறார். பிள்ளைகள் வெளிநாடுகளில் இருக்கும் வீடுகளிலே இது இன்னும் மோசம்; எல்லோரும் ஒன்றாக வருவது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, அந்த ஒரு முறையும் ஒருவர் கமராவுக்குப் பின்னால். 10 செக்கன் தாமத விசையை வைத்துவிட்டு ஓடி வந்து நிற்கலாம் என்பது உண்மைதான். ஓடி வருபவருக்கு மூச்சிரைக்கும். குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். பெரியவர்களோ 10 செக்கன் முழுதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலைபோல நிற்பார்கள். படத்திலே விழுவது அந்த மூச்சடைப்புத்தான். இருபது பேர் நிற்கும் படத்தில் ஒருவராவது கண்ணை மூடாமலிருப்பது அபூர்வம். ஆகவே பத்துப் படமாவது தொடர்ந்து பிடிக்கவேண்டும். பத்து முறை ஓட முடியுமா?

கம்பியில்லா விசை இங்கே விலைமதிப்பற்றது. பேசிக்கொண்டிருக்கும்போதே, யாரும் அறியாமல் அழுத்தலாம். கொட்டாஞ்சேனை வீடுகளின் முன்கூடத்திலே கமராவுக்கும் ஆட்களுக்கும் இடையே 3 மீற்றர் இருந்தால் அதிகம். செங்கீழ்க் கதிருக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டன்று. ஜன்னலும் ஆட்களை நோக்கியே இருக்கிறது. ஒரே இடைஞ்சல், விசையைக் கமராவை நோக்கி நீட்டவேண்டும்; நீட்டிய கை படத்தில் விழும். அதற்காகத்தான் ஆர்சி-6 போன்ற விசைகளிலே 2 செக்கன் தாமதம் வைத்திருக்கிறார்கள். நீட்டி அழுத்திவிட்டுக் கையை இறக்கிக்கொள்ளலாம். வானொலி விசையென்றால் முதுகுக்குப் பின்னாலிருந்தே அழுத்தலாம்.

மற்றச் சந்தர்ப்பங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொச்சிக்கடையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் கோயிலைப் போன்ற இருண்ட மண்டபங்களிலே, நிருவாகத்தாரின் அனுமதியோடு தூண்களைப் பிடிப்பவருக்குக் கம்பி விசையும் பொறுமையும் வேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரையில் அந்திநேரத்து அலையைப் பல செக்கன் திறந்து வைத்துப் பிடிப்பதற்கும் கம்பியே நல்லது. அதிலே பொத்தானை முன்னே தள்ளிப் பூட்டிவிடலாம், விரல் நோகாது. தொங்கும் கம்பி கடற்காற்றில் முக்காலியைத் தட்டாதபடி ஒரு றப்பர் வளையத்தால் காலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்பிரலிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடிமுழக்கத்தில் மின்னலைப் பிடிக்க ஆசைப்படுவோர் உண்டு. அப்போது உலோக முக்காலியோடு கம்பியால் இணைந்து வெளியே நிற்பது புத்தியன்று. கமராவைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குள்ளிருந்து கம்பியில்லா விசையால் இயக்குங்கள்.

ஆடி வேல் விழாவுக்கோ, என் அபிப்பிராயத்தில், இரண்டும் வேண்டாம். செட்டியார் தெருவிலிருந்து வரும் அந்த ஜனத்திரளிலே முக்காலியை நிறுத்தவே இடமிராது, கம்பியோ ஒருவர் காலில் தடக்கும், 2.4 கிகாஹேட்ஸ் அலையை மனித உடல்கள் உறிஞ்சிக்கொள்ளும். உணர்திறனைக் கூட்டி, கையிலே பிடித்து, கூட்டத்தோடு நடந்துவிடுங்கள்.

"என் பேரனின் கைத்தொலைபேசியே நல்லாய்ப் படம் பிடிக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று ஒரு பெரியவர் நேற்றுக் கேட்டார். நியாயமான கேள்வி. கைத்தொலைபேசிக்கும் இதே தொல்லை உண்டு. அதைத் தொட்டால் அது இன்னும் இலேசாக அசையும். ஆனால் பல கைத்தொலைபேசிகளிலே கம்பியுள்ள காதுக்கருவியைச் செருகி, ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால் படம் விழுகிறது. அதுவும் ஒரு கம்பி விசையே. அநேகமாக உங்கள் மேசை லாச்சிக்குள் ஏற்கனவே கிடக்கிறது. தம்படத் தடியோடு வரும் சிறு புளூடூத் பொத்தானோ கம்பியில்லா விசை. கமரா இல்லாத வீடுகளில் இவற்றைக்கொண்டே தொடங்கலாம்.

என் அபிப்பிராயத்தைச் சொல்வதாக வாக்களித்தேன். நான் கமராவோடு நிற்கவேண்டியிருந்தால் கம்பி. கமராவை விட்டு விலகி நிற்கவேண்டியிருந்தால் கம்பியில்லாதது. இதற்குமேல் இதிலே இரகசியம் இல்லை. ஒன்றைத்தான் இப்போது வாங்க முடியுமென்றால் கம்பி விசையை வாங்குங்கள். குடும்பப் படத்தை அடுத்த வருஷமும் பிடிக்கலாம். பழைய படங்களும் அவற்றின் பெயர்களை அறிந்தவர்களும் அடுத்த வருஷத்துக்குக் காத்திருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. மிஞ்சும் பணத்தில், நமது கமராவிலே ஜன்னல் இருப்பதால், வேறு கம்பெனியார் செய்யும் மலிவான செங்கீழ்க் கதிர் விசையொன்றையும் வாங்கலாம். வானொலி விசைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் நண்பர்களுக்கு ஒரு சமாதானம் உண்டு: சில செட்டுகளில் கையிலிருக்கும் பெட்டியையே கம்பியாலும் கமராவோடு பூட்டலாம், பற்றரி முடிந்தாலும் வேலை நில்லாது. விலை ஒத்துவந்தால் அப்படியொன்றைத் தேடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வாங்கியபின் பராமரிப்பு. வேலை முடிந்ததும் பற்றரிகளைக் கழற்றி வையுங்கள். அவை உள்ளேயே கசிந்தால் தகடுகளை அரித்துவிடும். கடற்கரைக்குப் போய்வந்த செருகியை உலர்ந்த துணியால் துடையுங்கள். செங்கீழ்க் கதிர் விசை உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதற்கு, அதைக் கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவுக்கு நேரே பிடித்து அழுத்தினால் ஊதா நிறத்திலே ஒரு வெளிச்சம் தெரியும். நம் கண்ணுக்குத் தெரியாதது அதற்குத் தெரிகிறது. அந்தச் சிறு விசைகளுக்குள் இருக்கும் நாணயம் போன்ற பற்றரியை மட்டும் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் தொண்டையைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

கடன் வாங்கிய விசைகள் இரண்டையும் சங்கக் கமராவோடு இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பெரியவர்களும் வந்து அழுத்திப் பார்க்கலாம். அதன்பின் ஆண்டுமலருக்குரிய குழுப்படம். இத்தனை வருஷமும் அதைப் பிடித்துத் தந்தவர் நமது உபசெயலாளர். பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றிலும் அவர் முகம் இல்லை. முன்வரிசையிலே தலைவருக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறோம். விசை அவர் கையில் இருக்கும்.